வீட்டுக்குள்ளேயே ஓடும் ஹப்புக்கு மாறுவது: வடசென்னை வீடுகளிலிருந்து சில கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு விளக்கு, ஃபேன், சென்சார் எல்லாவற்றையும் கம்பெனி ஆப்பிலிருந்து ஹோம் அசிஸ்டண்டுக்கு மாற்றிவிட்டேன். இது வீட்டிலேயே ஒரு சின்ன கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள்; அந்தக் கம்ப்யூட்டரைத்தான் ஹப் என்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்துத் தருகிறேன்.

அண்ணே, மொபைல் ஆப்பிலேயே எல்லாம் நன்றாக ஓடுகிறதே, எதற்கு மாற்ற வேண்டும்? (ராயபுரம்)

நெட் இருக்கிறவரை ஓடும். பல சாதனங்களில் நீங்கள் ஆப்பில் தட்டுவது எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் உங்கள் ஹாலுக்குத் திரும்பி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் கரண்ட் வந்த பிறகும் நெட் வரவில்லை. மாடிப்படியில் சென்சாரும் விளக்கும் நல்லபடியாகத்தான் இருந்தன, சர்வரைத்தான் எட்ட முடியவில்லை. அந்த விளக்குக்குச் சுவரில் சுவிட்ச் வைக்காமல் விட்டிருந்தேன். அம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஈரப்படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியதைப் பார்த்த அன்றே மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

ஹப்புக்கு என்ன வாங்கலாம்? (கொருக்குப்பேட்டை)

ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் 4 அல்லது 5 போதும். ஆனால் மெமரி கார்டை நம்பாதீர்கள். ஹோம் அசிஸ்டண்ட் நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பதால் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். எஸ்எஸ்டி டிரைவ் போடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பும் ஆகும், ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட வேண்டும். ரௌட்டரிலிருந்து லேன் ஒயர் இழுத்துக் கொடுப்பது நல்லது.

22 ஜிக்பீ பல்பு, சென்சார் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? (வியாசர்பாடி)

வேண்டாம் தம்பி. ஜிக்பீ என்பது வைஃபை இல்லாமல் இந்தச் சாதனங்கள் ஹப்போடு பேசும் வயர்லெஸ் முறை. ஒரு ஜிக்பீ சாதனம் ஒரு நேரத்தில் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கும். பழைய ஹப்பிலிருந்து நீக்கி, ரீசெட் செய்து, புதியதில் சேர்க்க வேண்டும். அதனால் இரண்டு ஹப்பும் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், நீங்கள் அறை அறையாக மாற்றுங்கள்.

முதலில் கரண்டில் ஓடும் பல்பு, பிளக். அவைதான் மற்றவற்றின் சிக்னலை வாங்கிக் கடத்தும், பேட்டரி சென்சார்கள் கடத்தாது. ஹப்புக்கு அருகில் இருப்பதில் தொடங்கி வெளியே போங்கள். கடைசியில் பேட்டரி சென்சார்களை, அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேஜையில் வைத்துச் சேர்த்துவிட்டு மாடிக்குத் தூக்கிப்போனால் அப்புறம் அடிக்கடி காணாமல் போகலாம்.

சேர்ப்பதற்கு முன்பே சேனலை, அதாவது எந்த அலைவரிசையில் ஓட வேண்டும் என்பதை, முடிவு செய்யுங்கள். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல்கள், வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். நம் சந்துகளில் போனை எடுத்தால் இருபது வீட்டு வைஃபை தெரியும். பெரும்பாலும் 25 நிம்மதியாக இருக்கும். பிறகு சேனலை மாற்றினால் சில சாதனங்களை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஜிக்பீ டாங்கிளை (ஹப்புக்கு ஜிக்பீ சிக்னல் வாங்கித் தரும் சின்ன யுஎஸ்பி கருவி) ஹப்பின் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேரடியாகச் செருகாதீர்கள். அந்த போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். எங்கள் சமையலறை கேஸ் சென்சார் தினமும் துண்டித்துக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகி, டாங்கிளைப் பரண் விளிம்பில் ஒட்டி வைத்தேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூட விடவில்லை.

பெயர்களையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் "ஹால் லைட்" என்று சொல்லிப் பழகியிருந்தால் புதியதிலும் அதே பெயர்தான்.

துயா வைஃபை பிளக்குகள் நெட் இல்லாமல் ஓடுமா? (எர்ணாவூர்)

ஓட வைக்கலாம் அக்கா. துயா கம்பெனியின் டெவலப்பர் கணக்கிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் லோக்கல் கீ (வீட்டுக்குள்ளிருந்தே பிளக்கை இயக்க உதவும் ரகசியக் குறியீடு) எடுக்க வேண்டும். பிளக்கை ரீசெட் செய்து திரும்பச் சேர்த்தால் அந்தக் கீ மாறிவிடும். ரௌட்டரில் ஒவ்வொன்றுக்கும் நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிடுங்கள். இனி வாங்குவதாக இருந்தால் பெட்டியில் மேட்டர் (பல கம்பெனி சாதனங்களும் ஒத்துப்போகும் பொதுத் தரம்) முத்திரை பார்த்து வாங்குங்கள். அது பழைய ஆப்பில் இருக்கும்போதே ஹோம் அசிஸ்டண்டிலும் சேரும்.

சம்ப் மோட்டாரையும் இதில் சேர்க்கலாமா? (திருவொற்றியூர்)

சேர்க்கலாம், ஆனால் இதில் மட்டும் அவசரம் கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ரிலேயோ (சிக்னலில் இயங்கும் சுவிட்ச்) ஸ்மார்ட் பிளக்கோ அதைத் தாங்காது, உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்தவே முடியாது. ரிலே ஒரு கான்டாக்டரை (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இதை எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள்.

மெட்ரோ வாட்டர் வராத நாளில் சம்ப் காலியாக இருக்கும்போது மோட்டார் ஓடினால் சீல் போய்விடும். அதனால் சம்பிலும் ஒரு மட்ட சென்சார் வேண்டும். டேங்க் சென்சார் கெட்டாலும் குறிப்பிட்ட நிமிடத்தில் நிற்கும்படி நேரக் கட்டுப்பாடும் வையுங்கள். பழைய ஸ்டார்ட்டர் அப்படியே இருக்கட்டும். கடற்கரை ஓரம் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும், எனவே மூடிய வாட்டர்ப்ரூஃப் பெட்டிக்குள் வையுங்கள்.

அப்பா சுவர் சுவிட்சைத்தான் போடுவார், அணைப்பார். என்ன செய்வது? (பெரம்பூர்)

அவர் செய்வதுதான் சரி. வீடுதான் அவருக்கு ஏற்றபடி மாற வேண்டும். ஸ்மார்ட் பல்பைச் சுவரில் அணைத்தால் அது சிக்னல் கடத்துவதும் நின்று, பக்கத்துச் சென்சார்களும் தடுமாறும். அவர் புழங்கும் அறைகளில் சாதா பல்பு போட்டு, சுவிட்ச் போர்டுக்குள் ரிலே மாட்யூல் வையுங்கள். சுவிட்சும் வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும். பல ரிலே மாட்யூல்களுக்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். பழைய வீடுகளில் அது போர்டுக்கு வந்திருக்காது, அதை முதலில் பாருங்கள்.

கரண்ட் போய் வந்தால்? (எண்ணூர்)

ஹப், ரௌட்டர் இரண்டையும் இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். ஒவ்வொரு பல்பிலும் கரண்ட் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு இருந்தால் "முந்தைய நிலை" என்று வையுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் வீடு முழுக்க விளக்கு எரிந்து குழந்தை எழுந்துவிடும்.

பேக்கப்? (கொளத்தூர்)

தினமும் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, ஒரு பிரதியை ஹப்புக்கு வெளியே பென் டிரைவிலோ வேறு கம்ப்யூட்டரிலோ போட்டு வையுங்கள். பேக்கப்பைத் திறக்கும் கீயைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வையுங்கள்.