நாரி நோவுக்கு எந்த மெத்தை?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. ஆட்டோ ஓடுகிறார். காலையில் எழும்பும்போது நாரி நோகிறது என்பார். ஒரு மணித்தியாலம் நடந்து திரிந்தால் குறைந்துவிடும். எங்கள் மெத்தை ஒன்பது வருஷப் பழசு, நடுவில் குழி. கல்முனையில் ஒரு கடையில் ஆறு அங்குல ஸ்பொஞ் மெத்தை 32,000 ரூபாய். அங்கேயே 1,18,000 ரூபாய்க்கு ஸ்பிரிங் மெத்தையும் இருக்கிறது, தவணைக்குத் தருவார்களாம். நோவென்று வந்தபிறகு விலை பார்க்கக்கூடாது என்கிறார் மச்சாள். எதை வாங்கலாம்? பழையதை மகனுக்குப் போடலாமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, கடைக்குப் போக முதல் மெத்தையைத் தூக்கிவிட்டுக் கட்டிலைப் பாருங்கள். குறுக்குப் பலகைகளுக்கு மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், எந்தப் பலகை தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தாழ்ந்த பலகைக்கு மேல் லட்ச ரூபாய் மெத்தையைப் போட்டாலும் அதுவும் தாழத்தான் செய்யும். தச்சனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிக்கட்டுங்கள்.

மறுகா, நாலைந்து இரவு அவரைப் பன்பாயில் மடித்த போர்வை விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். நோ குறைந்தால் குற்றவாளி அந்தக் குழிதான். அப்படியானால் குழி விழாத எந்த மெத்தையும் அவருக்கு ஆறுதல் தரும். அதற்காக ஆளை நிரந்தரமாகத் தரையில் கிடத்திவிடாதீர்கள். நாரிக்காரருக்கு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று நம்மவர்கள் சொல்வார்கள், நானும் கனகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். நாட்பட்ட நாரி நோ உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2003 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, கடின மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கடினத்தில் படுத்தவர்களுக்கே நோ கூடுதலாகக் குறைந்திருந்தது.

இனி அந்த 32,000 ரூபாய் மெத்தை. கையால் அமத்திப் பார்த்து ஸ்பொஞ்சை மதிக்க முடியாது. நிறுத்துப் பாருங்கள். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஆறு அங்குலத் தடிப்பு என்றால் அதன் கன அளவு ஏறக்குறைய 0.425 கன மீற்றர். உறைத் துணியின் நிறையைக் கழித்துவிட்டு எட்டு கிலோதான் நிற்கிறது என்றால், கன மீற்றருக்கு 20 கிலோகூட இல்லாத வெறும் காற்று ஸ்பொஞ். இரண்டு பேர் தினமும் படுத்தால் சீக்கிரம் குழி விழும். 12 கிலோ தாண்டினால் அடர்த்தி 28 க்கு மேல், அது பாவிக்கலாம். வீட்டில் ஆள் நிறை பார்க்கும் தராசு இருந்தால் கொண்டுபோங்கள்: மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி, வந்த எண்ணிலிருந்து உங்கள் நிறையைக் கழியுங்கள். கடைப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். ஒன்று கவனம்: சிப்பைத் திறந்தால் உள்ளே பல நிறத் துண்டுகளை ஒட்டிய ஸ்பொஞ்சாக இருந்தால் இந்தக் கணக்குப் பலிக்காது. அது நிறைதான், ஆனால் கட்டை மாதிரி இருக்கும்.

அடுத்தது, அவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். படுக்கப்போகிறவர் அவர். வெட்கப்படாமல், வீட்டில் படுக்கிற மாதிரியே ஒரு பத்து நிமிஷம் படுக்கவேண்டும். நிமிர்ந்து படுக்கும்போது நாரிக்குக் கீழே உங்கள் கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை அவருக்குக் கடினம். நுழையவே இடமில்லை என்றால் ஆள் அமிழ்ந்துபோகிறார், அதுவும் வேண்டாம்.

ஸ்பிரிங் மோசம் என்று சொல்லமாட்டேன். உள்ளே காற்று ஓடுவதால் கச்சான் காலத்தில் புழுக்கம் குறைவு. ஆனால் நீங்கள் கொடுக்கப்போகும் மேலதிக 86,000 ரூபாயில் எவ்வளவு கம்பிக்கு, எவ்வளவு மேலே தைத்த பூத்துணிக்கு என்று கடைக்காரருக்கே தெரியாது. தவணை எல்லாவற்றையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மச்சாளும் பேசாமல் இருப்பார். என்னைக் கேட்டால், 32,000 ரூபாய் மெத்தை தராசில் தேறினால் அதையே எடுங்கள். தேறாவிட்டால் இரண்டு மாதம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து அடர்த்தி கூடிய ஸ்பொஞ்சோ, ரப்பர் பால் சேர்த்த தும்பின்மேல் ஸ்பொஞ் வைத்ததோ வாங்குங்கள். தவணைக்கு வேண்டாம்.

உத்தரவாத அட்டையைக் கடையிலேயே நின்று வாசியுங்கள். நான் ஒருமுறை வாசிக்காமல் வாங்கி, பதினாலாம் மாதம் குழியோடு போய் நின்றேன். ஒரு தேத்தண்ணிக் கறையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எத்தனை அங்குலம் தாழ்ந்தால் மாற்றித் தருவார்கள், கறை பட்டால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பொலித்தீனை உரித்துவிடுங்கள். கலியாணம் முடிந்து வருஷம் இரண்டாகியும் பொலித்தீனோடே சரசரவென்று படுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். வியர்வை போக வழியில்லாமல் நாறும். மருதமுனைக் கைத்தறி விரிப்பு ஒன்று போதும். எங்கள் பெத்தாவின் இலவம்பஞ்சு மெத்தை மாதிரி வெயிலில் போடாதீர்கள். ஸ்பொஞ் மஞ்சளித்துப் பொடியாகும். கார்த்திகை, மார்கழி மாரியில் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, மழை விட்ட நாளில் மெத்தையை நிமிர்த்தி ஃபான் காற்றுக் காட்டினால் பூஞ்சணம் பிடிக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாக்குங்கள்.

நோ காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ மெத்தைக் கதையை விட்டுவிட்டு உங்கள் ஊர் ஆதார வைத்தியசாலைக்கு அவரைக் கூட்டிப்போங்கள்.

பழைய மெத்தையை மகனுக்குப் போடவேண்டாம். அப்பாவின் குழியில் பிள்ளை ஏன் படுக்கவேண்டும்? ஓரத்து ஸ்பொஞ் இன்னும் நன்றாகத்தான் இருக்கும். அதை வெட்டி விறாந்தைக் கதிரைகளுக்கு மெத்தை தையுங்கள். ஒரு துண்டு மிஞ்சினால் ஆட்டோவின் சாரதி இருக்கைக்கும் போடலாம். அந்த இருக்கை என்ன நிலையில் இருக்கிறது என்றும் ஒருக்கால் பாருங்கள், நாள் முழுக்க அவர் இருப்பது அதில்தானே.