பால் பவுடரைக் குறைக்காதீர்கள்

ஐந்து மாத மகனுக்குப் புட்டிப்பால் தருவதால் பின்னாளில் ஆஸ்துமா, உடல்பருமன், ரத்தப் புற்றுநோய் வந்துவிடுமோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நோய்ப் பட்டியலுக்காக அல்ல. 'குண்டாகிவிடக் கூடாதென்று ஒரு கரண்டி பவுடரைக் குறைத்துக் கலக்கிறேன். இப்போதெல்லாம் நிறையத் தூங்குகிறான், தொந்தரவே இல்லை' என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

ஐந்து மாதக் குழந்தையின் பாலில் தண்ணீர் கூடினால் வயிறு நிரம்பும், சத்து சேராது. அதைவிட ஆபத்து, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து இறங்கிவிடும். முதலில் மந்தம், பாலில் நாட்டமின்மை, முகத்தில் உப்பல். அப்புறம் வலிப்பு. உங்கள் பிள்ளையின் தூக்கம் சாதாரணத் தூக்கமாகவும் இருக்கலாம்; ஆனால் கடிதத்தைப் படித்து அதைச் சொல்ல முடியாது. எடை பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சோடியமும் பார்க்க வேண்டும். பிறந்தபோது இருந்த எடை இந்நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்க வேண்டும். எழுப்பியும் விழிக்கவில்லை, கை கால் வெட்டி இழுக்கிறது என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது டின்னையும் கரண்டியையும் கொண்டுபோய், எப்படிக் கலக்கிறீர்கள் என்று செய்து காட்டுங்கள்.

டின்னில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. தண்ணீரை முதலில் அளந்து ஊற்றுங்கள். அந்த டின்னோடு வந்த கரண்டியால் பவுடரைத் தலைதட்டிப் போடுங்கள். குவிக்கவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். குண்டாகுமோ என்ற பயமிருந்தால், பிள்ளை முகத்தைத் திருப்பியதும் மீதியைக் கொட்டிவிடுங்கள். நள்ளிரவில் வீடியோ பார்த்துவிட்டுக் குழந்தையின் உணவில் கை வைக்கும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள்.

பச்சை மலம், விக்கல், கொஞ்சம் கக்குவது: இவற்றைப் பற்றிய கவலையை மறந்துவிடுங்கள்.

இரண்டாம் மாதத்தோடு தாய்ப்பால் நின்றுபோனதால் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது, இல்லையா? கெடுக்கவில்லை, அம்மா. தாய்ப்பால் உயர்ந்தது, சந்தேகமில்லை. வயிற்றுப்போக்கும் காதுத் தொற்றும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவு. ஆனால் ஆஸ்துமா, உடல்பருமன் கதை வேறு. பெலாரஸ் நாட்டில் 1996-97இல் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில மருத்துவமனைகளில் மட்டும் தாய்மார்களுக்குக் கூடுதல் ஊக்கம் தந்ததால், அங்கே குழந்தைகள் கூடுதல் காலம் தாய்ப்பால் குடித்தார்கள். முதல் வருடத்தில் வயிற்றுத் தொற்றும் கரப்பான் என்ற தோல் நோயும் அவர்களுக்குக் குறைந்தன. ஆறரை வயதில் பார்த்தபோது ஆஸ்துமாவிலோ பருமனிலோ அந்தப் பலன் தெரியவில்லை. ரத்தப் புற்றுநோய் விஷயத்தில் சில ஆய்வுகள் சிறு வித்தியாசம் காட்டுகின்றன. புட்டிப்பால்தான் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை, குழந்தைகளுக்கு அந்த நோய் வருவதே மிக அபூர்வம்.

ஆறு மாதம் முடிந்ததும் இரும்புச்சத்துள்ள திட உணவைத் தொடங்குங்கள். ஒரு வயதுவரை தேனை நாக்கில்கூடத் தடவாதீர்கள்.