வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்குத் தீபாவளிப் பலகாரம்

கேள்வி: தீபாவளிக்கு வீட்டில் பன்னிரண்டு பேருக்கு விருந்து. நாத்தனாரின் ஏழு வயது மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது. பலகாரங்களைச் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். ‘எதிலும் கடலை சேராது’ என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அவர் எதைக் ‘கடலை’ என்றார் என்பதே தெளிவில்லை. கடலை மாவு கடலைப் பருப்பை அரைத்தது. கடலை எண்ணெயோ வேர்க்கடலையை ஆட்டியது. பிள்ளை இதுவரை கடலை மாவுப் பண்டங்களைத் தொல்லையின்றி உண்டிருந்தால் ஓமப்பொடியின் மாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை; அது பொரிந்த எண்ணெயைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

எண்ணெயில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத்தான் எல்லோரும் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வாமையைத் தூண்டுவது புரதமே தவிரக் கொழுப்பு அன்று. ஆலையில் முழுமையாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இராது என்பதால் பெரும்பாலோர் அதைத் தாங்கிக்கொள்வர். உடம்புக்கு நல்லது என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் செக்கு எண்ணெயில் புரதம் தங்கிவிடும். சுத்திகரித்த எண்ணெயேயானாலும், மிக்சருக்காக வேர்க்கடலையைப் பொரித்தெடுத்த வாணலியில் அடுத்து முறுக்கைப் பிழிந்தால், அந்த விதிவிலக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒப்பந்தக்காரரின் அடுப்படியில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எண்ணெய் மாற்றுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இனிப்பில் ஏமாற்று இன்னும் மோசம். முந்திரி விலை ஏறும்போது முந்திரி பர்பியில் வேர்க்கடலைத் தூளைக் கலப்பவர்களும், பச்சைச் சாயமேற்றிய வேர்க்கடலைச் சீவலைப் பிஸ்தா என்று தூவுபவர்களும் உண்டு. உறையிட்ட பண்டத்தில் வேர்க்கடலை இருந்தால் அச்சிட வேண்டும் என்பது விதி. 2020 அக்டோபர் முதல் நிறுத்துத் தரும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும். ஆனால் அந்தத் தட்டுகளில் தேதியைத் தவிர, வேர்க்கடலை பற்றி ஒரு வரியையும் நான் கண்டதில்லை. கெட்டுப்போன இனிப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு, ஒரு விள்ளலில் மூச்சடைக்கும் பிள்ளையின் நினைவு ஏன் வரவில்லை?

ஆகவே அந்தப் பிள்ளை உண்ணும் இரண்டு மூன்று பண்டங்களையேனும், புதிதாகப் பிரித்த சூரியகாந்தி எண்ணெயில், மற்றவற்றுக்கு முன்பாக நீங்களே செய்து மூடி வையுங்கள். பரிமாறும் கரண்டியும் தனியாக இருக்கட்டும்.

அவசர மருந்து என்ன வைத்திருக்கிறார்கள் என்று நாத்தனாரிடம் இன்றே கேளுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் அரிப்பு மாத்திரை காப்பாற்றாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் காக்கும். தானே போட்டுக்கொள்ளும் பேனா வடிவ ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பது வெட்கக்கேடு. அவர்களிடம் அது இல்லையென்றால், அருகில் எந்த மருத்துவமனை தீபாவளியன்று இரவிலும் திறந்திருக்கும் என்று முன்னரே விசாரித்து வையுங்கள். அறிகுறி தென்பட்ட உடனே 108-ஐ அழையுங்கள்.