நான் வெறுத்த சூப்பர்வைசராகவே நானும் மாறிவிட்டேனா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். போன வருடம் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். டெய்லராக இருந்த காலத்தில் எங்கள் சூப்பர்வைசரைக் கண்டாலே எனக்கு ஆகாது. எந்நேரமும் சத்தம்தான். நாம் அந்த இடத்துக்கு வந்தால் யாரையும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொள்வேன். முதல் சில மாதம் அப்படித்தான் இருந்தேன். எங்கே பீஸ் தேங்கினாலும் நானே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். ஆனாலும் புரொடக்‌ஷன் விழுந்தது. இப்போது அவரை விட அதிகமாகக் கத்துகிறேன். போன வாரம் பாட்டம் மடிப்பு கோணலாகிவிட்டது என்று ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் திட்டினேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள், ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த சூப்பர்வைசர் செய்ததுதான் சரியோ என்று இப்போது தோன்றுகிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டால் என் மதிப்பு போய்விடுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகாது, தாராளமாகக் கேளுங்கள். எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

‘அவர் செய்ததுதான் சரியோ’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. மெஷினில் உட்கார்ந்திருந்தவரை உங்கள் காதில் விழுந்தது அவருடைய சத்தம் மட்டும்தான். ஷிப்மெண்ட் தேதி நெருங்க நெருங்க மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டு என்ன கேட்டார் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. இப்போது அதே கேள்வி உங்களிடம் வருகிறது, அதனால் அவர் மேல் ஒரு இரக்கமும் வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அவர் ஏன் கத்தினார் என்று புரிவது வேறு, கத்தியது சரி என்பது வேறு. அன்று நீங்கள் பட்ட அவமானம் பொய்யில்லையே? பதவி வந்ததும் பலர், கீழே இருந்தபோது தெரிந்துகொண்டதையெல்லாம் ‘அப்போது விவரம் பத்தாது’ என்று தள்ளிவிடுகிறார்கள். மருமகள் மாமியார் ஆகும்போதும் இதுதானே நடக்கிறது! இரண்டு பக்கமும் பார்த்தவர் நீங்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், திட்டாமல் இருந்ததால்தான் புரொடக்‌ஷன் விழுந்தது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சூப்பர்வைசர் ஆன பிறகும் நீங்கள் டெய்லர் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கழுத்துப் பட்டை (ரிப்) தைக்கும் இடத்தில் தேங்கினால் அங்கே உட்கார்ந்து கடகடவென்று ஓட்டிக் கொடுக்கிறீர்கள். அதே நேரம் இன்னொரு மெஷினில் நூல் அறுந்து அறுந்து ஒரு பெண் மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருப்பாள். பனியனுக்குக் கை வைத்துத் தைக்கிறவர், பீஸ் கட்டு (பண்டில்) வராமல் சும்மா உட்கார்ந்திருப்பார். லைன் முழுவதையும் பார்க்க வேண்டியவர் ஒரு மெஷினில் குனிந்திருந்தால் இதையெல்லாம் யார் பார்ப்பது? சாயங்காலம் கணக்கு உதைக்கும், கோபமும் வரத்தான் செய்யும்.

தொழிலில் கெட்டிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதலாகவே வரும். சச்சின் டெண்டுல்கர் 1996இல், 23 வயதில், இந்திய கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் ஆனார். இரண்டு தடவையாகச் சேர்த்து 25 டெஸ்டுகளுக்குக் கேப்டனாக இருந்து ஜெயித்தது 4தான். 2000இல் விலகிவிட்டார். அப்போது வெளிநாட்டில் ஆடியவையெல்லாம் கடினமான தொடர்கள், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 2007இல் டிராவிட் விலகி, பொறுப்பு மறுபடியும் தன்னைத் தேடி வந்தபோது சச்சின் தோனியைக் கைகாட்டினார். ஸ்லிப்பில் நிற்கும்போது பக்கத்தில் கீப்பராக நின்ற தோனியிடம் ஃபீல்டிங் பற்றிப் பேசிப் பேசியே அவர் ஆட்டத்தைக் கணிக்கும் விதத்தைக் கவனித்து வைத்திருந்தாராம். 2011இல் உலகக் கோப்பையை ஜெயித்தபோது அந்தத் தோனிக்குக் கீழே ஆடிய சீனியர் அவர். தன் கையால் ரன் எடுத்துத்தான் அணியைக் காப்பாற்ற வேண்டும் என்ற இடத்திலிருந்து, இன்னொருவரிடம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறார் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் லைனிலும் கவனியுங்கள். பக்கத்து மெஷின் நின்றால் யார் தலை நிமிர்ந்து பார்க்கிறார்? லைனில் பாதியைக் கவனித்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிப் பாருங்கள். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பீஸ் நகர்ந்தது என்று நோட்டில் குறியுங்கள், எங்கே தேங்கும் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். இரண்டு வேலை தெரிந்த டெய்லரை அங்கே மாற்றி உட்கார வைக்கலாம். நீங்கள் மட்டும் உட்காராதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் உட்காருங்கள்.

சரி, அந்தப் பெண். எல்லார் முன்னாலும் திட்டிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது. காலையில் எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், மெஷின் போடுவதற்கு முன்னால், “அன்னிக்கு நான் அப்படிப் பேசினது தப்பும்மா” என்று சொல்லுங்கள், போதும். “ஆனா நீயும்...” என்று இழுக்காதீர்கள். மடிப்பு விஷயத்தை அதோடு சேர்க்க வேண்டாம். பிறகு அவள் மெஷின் பக்கத்தில் நின்று ஒரு பீஸ் தைக்கச் சொல்லிப் பாருங்கள். கோணலுக்குக் கை மட்டும் காரணமாக இருக்காது. மெஷினில் துணியை நகர்த்தும் ஃபீட் சரியாக வைக்காவிட்டால் பனியன் துணி இழுத்துக்கொள்ளும் என்பது என்னை விட உங்களுக்குத் தெரியும். மெஷினில்தான் கோளாறு என்றால் மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு அவளை அலைய விடாமல் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.