காப்பர் மருந்து பாட்டிலை மூடி வையுங்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். லைவ் ராக் (நுண்ணுயிர்கள் வாழும் கடல் கல்), கொஞ்சம் பவளம், இரண்டு கிளவுன் மீன். மூன்று வாரம் முன்பு ப்ளூ டேங் மீன் ஒன்று வாங்கி அதில் விட்டேன். அதன் மேல் உப்பு தூவியதுபோல் புள்ளி வந்தது, ஐந்தாம் நாள் மறைந்தது, இப்போது இரட்டிப்பாக வந்திருக்கிறது. கிளவுன் துடுப்பிலும் தெரிகிறது. கடைக்காரர் காப்பர் மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றச் சொல்கிறார். எத்தனை மில்லி ஊற்றலாம் ஐயா?

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். காப்பர் பட்டால் பவளம், நத்தை, இறால் எல்லாம் சாகும். கல்லும் மணலும் அதை உறிஞ்சுவதால் மீனுக்கு வேண்டிய அளவு தண்ணீரில் நிற்காது. இதைச் சொல்லாமல் பாட்டிலை விற்பது தப்பு.

இது கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணி. புள்ளி மறைந்ததைக் குணமென்று நினைக்காதீர்கள். பெருத்த ஒட்டுண்ணி உதிர்ந்து மணலில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து திரும்பியிருக்கிறது. கூட்டுக்குள் மருந்து போகாது. ஆனால் கூடு வெடிக்கப் பொதுவாக 3 நாளாவது ஆகும். அதற்குள் மீனை இடம் மாற்றிவிட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு வாங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கடல்மீன் தொட்டி உப்பில் தொடங்கி, ஒருநாள் காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வரும்வரை சரிசெய்யுங்கள். கிளவுன் உட்பட மூன்று மீனையும் மாற்றுங்கள். 72 மணி நேரம் தாண்டுவதற்குள் அடுத்த டப். இப்படியே 1, 4, 7, 10-ஆம் நாள்களில். 13-ஆம் நாள் கல், மணல் இல்லாத புதிய தொட்டிக்கு. காலியான டப், வலை, ஹீட்டர், ஏர் ஸ்டோன் எல்லாவற்றையும் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் கூடும் இருக்கும். ஃபில்டர் இல்லாததால் தீனி கிள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நச்சு ஏறும்.

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். புள்ளிகளை ரவைபோல் எண்ண முடிந்தால் மேலே சொன்ன கிரிப்டோகாரியான். மாவு பூசியதுபோல் இருந்து, மீன் மூச்சிரைத்தால் அது வெல்வெட் என்ற வேறு ஒட்டுண்ணி நோய். டப் மாற்றுவது போதாது. தனித் தொட்டியில் காப்பர் அன்றே தொடங்க வேண்டும், காப்பர் அளவு பார்க்கும் டெஸ்ட் கிட்டோடு.

பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் கிடக்கட்டும், ஒட்ட மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி செத்துவிடும். பவளத்துக்கு ஒன்றும் ஆகாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, நோய் எப்படி வந்தது என்பதுதான். "கடையில் பத்து நாள் வைத்திருந்த மீன்" என்பார்கள். பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே ஃபில்டர், ஒரே தண்ணீர். நேற்று இறங்கிய மீனின் நோய் இன்று எல்லா மீனுக்கும். அங்கே இருந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1,000 ரூபாய் மீனோ 100 ரூபாய் மீனோ, உங்கள் வீட்டுத் தனித் தொட்டியில் 30 நாள் இருந்த பிறகே பெரிய தொட்டி. கல், பவளம் வாங்கினாலும் மீனில்லாத தொட்டியில் 76 நாள். கூடு அதிலும் ஒட்டி வரும்.

ப்ளூ டேங் ஓர் அடி வளரும். 200 லிட்டர் அதற்குப் போதாது. குணமானதும் பெரிய தொட்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.