கேளுங்கள் டீச்சர்: பேர் மட்டும் பள்ளியில் இருந்தால் போதுமா?

(அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் சிறப்புப் பயிற்றுநராக 18 ஆண்டுகள் வேலை பார்த்தவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகனுக்கு ஒன்பது வயது. அறிவுசார் குறைபாடு 50 சதவீதம் என்று அட்டை வாங்கியிருக்கிறோம். ஊரில் உள்ள அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. நன்றாக நடப்பான், ஓடுவான், பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிவில்லை. மற்ற பிள்ளைகளை அடிக்கிறான் என்று புகார். "வீட்டிலேயே இருக்கட்டும், டீச்சர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பாங்க, பேர் இங்கேயே இருக்கும்" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு தாய்

போடாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

வீட்டு வழிக் கல்வி என்பது படுக்கையை விட்டு எழ முடியாத, தலை நிற்காத பிள்ளைகளுக்காக வந்தது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு நானே போயிருக்கிறேன். அங்கே அது தேவை. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், பல்வகைக் குறைபாடோ தீவிரக் குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டிலிருந்து படிப்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. தேர்ந்தெடுப்பது உங்கள் பக்கம், பள்ளியின் பக்கம் இல்லை. தீவிரம் என்றால் 80 சதவீதமும் அதற்கு மேலும். உங்கள் பையனுக்கு 50. அவனுக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளை, 6 வயதிலிருந்து 18 வரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்புகிற சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம்.

"டீச்சர் வீட்டுக்கு வருவார்" என்கிறார்களே, அந்த டீச்சர் நான்தான். ஒரு வருடம் என் கணக்கில் 14 பள்ளிகள், 60 பிள்ளைகளுக்கு மேல். ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். அந்த நாளில் மருத்துவ முகாம் வந்தால், வட்டார வள மையத்தில் கூட்டம் வந்தால், என் வண்டி பஞ்சரானால் அதுவும் கிடையாது. தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைக்கு ஒருவர் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025-லும் மாநிலங்களிடம் அது கேட்க வேண்டியிருந்தது. நாங்களோ தொகுப்பூதியத்தில், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வகுப்பாசிரியரை வில்லனாக்க நான் தயாரில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறைக்குள் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால் அவர் சிரமத்துக்கு உங்கள் பையன் வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

இந்த அடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எப்போது அடிக்கிறான் என்று கேளுங்கள். சும்மா "எப்பவும்தான்" என்பார்கள், விடாதீர்கள், மணியைக் கேளுங்கள். என்னிடம் ஒரு பையன் இருந்தான். தினமும் 11 மணி வாக்கில் பக்கத்துப் பிள்ளையைக் குத்துவான். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்கு ஒன்றுக்கு வருகிறது, கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கதவோரம் ஆணியில் ஒரு சிவப்பு பாட்டில் மூடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகலாம், வந்து மாட்டிவிட வேண்டும். முதல் நாள் ஒன்பது முறை போனான்! பத்து நாளில் குத்துவது நின்றது.

இன்னொன்று, அவன் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். கரும்பலகையில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதியிருப்பான், கீழே டீச்சரின் சிவப்பு டிக் இருக்கும். ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டி என்னவென்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால், அவன் நான்கு வருடமாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறான் என்று பொருள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், அவனுக்கு எதை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எழுதி வைக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐ.இ.பி. என்றால் சட்டென்று புரியும். கையெழுத்துக் கேட்டவர்களிடம், வீட்டில் வைக்கச் சொல்வதைத் தாளில் எழுதித் தரக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எழுந்து பேசுங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு அதில் இடம் உண்டு. அதுவும் ஆகாவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு.

நான் ஒரு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. என் பத்தாம் வகுப்பு மாணவி கெட்டிக்காரி. ஆனால் வாசிக்கத் திணறுவாள், எழுத்தெல்லாம் இடம் மாறும். தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் அவள் அப்பா, "என் பொண்ணை ஊனம்னு எழுதிடாதீங்க" என்று கோபப்படுகிறார்.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. பெண் பார்க்க வருகிறவர்களை நினைத்துப் பயப்படுகிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இப்படி வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 21 வகைகளில் ஒன்றாகத்தான் உள்ளே வந்தது. ஊரில் இன்னும் அதற்கு 'படிப்பு ஏறாதது' என்றுதான் பெயர்.

அவரை அழைத்துப் பேசுவதில் பயனில்லை, பார்க்க வையுங்கள். அறிவியலில் ஒரு பக்கத்தை நீங்கள் வாசியுங்கள், அவள் வாயால் பதில் சொல்லட்டும். பிறகு அதே பக்கத்தை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

சலுகைகளில் கூடுதல் ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும் கட்டாயம் கேளுங்கள். ஒரு மொழிப்பாடத் தேர்வை எழுதாமல் விடும் மொழிப்பாட விலக்கை மட்டும் அவசரமாக டிக் செய்யாதீர்கள். பின்னால் அவள் எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்குப் போவாள் என்று அவளிடமே பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். மருத்துவச் சான்றிதழ் வாங்க அலைச்சல் இருக்கிறது. ஜனவரியில் ஆரம்பித்தால் கைக்கு வராது. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.