பழைய ஹைலக்ஸுக்கு வீட்டிலேயே செலோரெங் (ராணுவ உருமறைப்பு) சாயம் அடிக்க எத்தனை டின் ஸ்ப்ரே வேண்டும்?

பேராக், சுங்கை சிப்புட்டில் இருபது வருடத்து டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) ஹைலக்ஸ் பிக்கப், செம்பனைத் தோட்டத்துக்குள் தினமும் ஓடுகிறது, வீட்டுப் போர்ச்சில் வைத்து சனி ஞாயிறில் முடிக்க வேண்டும், பத்து டின் பைலாக்ஸ் ஸ்ப்ரே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, தம்பி. ‘பத்து டின், ஒரு ஞாயிறு, முடிஞ்சது’ என்று எனக்கு முன்பே ஒருவர் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு சுருக்கமாக எழுத மனம் வரவில்லை.

முதலில் கணக்கு. டபுள் கேப்பின் வெளித்தகரம், பின்பெட்டியின் உட்பக்கத்தை விட்டுவிட்டால், ஏறத்தாழ 14, 15 சதுர மீட்டர். 400 சிசி டின் ஒன்றை இரண்டு பூச்சாக மூடும்படி அடித்தால் ஒரு சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அடி நிறத்துக்கே 12 டின் போய்விடும். மேலே வரும் நிறங்களுக்கு இன்னும் எட்டு, ஒன்பது. எண்ணெய் எனாமல் சாயமோ ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குப் பத்து சதுர மீட்டர் ஓடும். அடி நிறம் இரண்டு பூச்சுக்கு 3 லிட்டர், இரண்டாம் நிறம் ஒரு லிட்டர், மற்ற இரண்டும் அரை அரை லிட்டர், நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர் ஆறு. வேலை செய்யும் வண்டிக்கு இதுதான் என் கட்சி. கீறல் விழுந்தால் மறுநாள் அதே டப்பாவிலிருந்து ஒரு தடவு தடவலாம். பெயிண்டர் நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம்; ஷோரூம் பளபளப்பு வேண்டுமென்றால் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே சாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2கே ஹார்ட்னரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடி இல்லாமல் வீட்டுப் போர்ச்சில் அடிக்கிற சாமான் அது இல்லை.

இரண்டையும் கலக்காதீர்கள். ஸ்ப்ரே டின் பெரும்பாலும் லேக்கர். எனாமல் மேல் லேக்கர் விழுந்தால், அதன் தின்னர் அடிச்சாயத்தைக் கிளப்பி, தோல் சுருங்கியதுபோல் ஆக்கிவிடும். நன்றாகக் காய்ந்த லேக்கர் மேல் எனாமல் போகலாம், எதிர்ப்பக்கம் கூடாது. பாதி ரோலர், ஓரம் மட்டும் ஸ்ப்ரே என்று ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது யாருக்கும் பிடிக்காத பகுதி: கழுவுவது. தோட்டத்து வண்டியில் மூன்று எதிரி. செம்பனைக் குலையின் எண்ணெய், டயர் ஷைனில் இருக்கும் சிலிகான், உரத்தூள். முதல் இரண்டும் இருந்தால் சாயம் ஒட்டாமல் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறை தேய்த்து, அலசி, காய்ந்த பிறகு வேக்ஸ் ரிமூவரால் துடையுங்கள். கையில் இரண்டு துணி வேண்டும்: ஒன்று நனைக்க, ஒன்று உடனே துடைத்தெடுக்க. ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. இதையெல்லாம் சேண்ட் பேப்பர் எடுக்கும் முன்பே செய்யுங்கள். அழுக்கோடு தேய்த்தால் சிலிகானைக் கீறலுக்குள் அமுக்கிவிடுவீர்கள்.

உரத்தூள் இன்னும் மோசம். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பு வகை. மழைத்தண்ணீரோடு சேர்ந்தால் பின்பெட்டியின் மூலைகளையும் வீல் ஆர்ச்சின் உள்மடிப்பையும் தின்றுவிடும். உர ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தால் பாதித் துரு வராது. மூட்டைக் கணக்கு கேட்கிற தோட்ட நிர்வாகத்துக்கு அந்தக் குழாய்க்கு மட்டும் மனசு வராது. சரி, அது வேறு கதை.

துருவை எண்பதாம் நம்பர் சேண்ட் பேப்பரும் கம்பி பிரஷும் போட்டு வெளுத்த இரும்பு தெரியும்வரை சுரண்டி, மூலைகளில் மட்டும் ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, அது காய்ந்ததும் அன்றைக்கே அண்டர்கோட் அடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் சுரண்டிய இரும்பு ஒரே ராத்திரியில் மறுபடியும் சிவக்கும். நல்ல பழைய சாயத்தை முழுக்க எடுக்க வேண்டாம். 320, பிறகு 400 போட்டுப் பளபளப்பு போகிற அளவு தேய்த்தால் போதும். சாயம் உரிந்த ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டினால் இன்னும் தேய்க்கணும். பிளாஸ்டிக் பம்பருக்குத் தனி பிரைமர் உண்டு. அது இல்லாமல் அடித்தால் முதல் உரசலிலேயே தாளாக உரியும்.

வானிலை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் தொடவே தொடாதீர்கள். சாயங்கால இடிமழை தப்பாது. மற்ற மாதங்களிலும் பனி உலர்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடியுங்கள். ஈரக்காற்றில் லேக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, ஈரம் படிந்து, சாயம் வெளுத்துப் போகும். எனாமல் வெளுக்காது, ஆனால் காய ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும். முதல் பூச்சு மேலே ஆடை கட்டி உள்ளே பச்சையாக இருக்கும்போது அடுத்ததைத் தடிப்பாகப் போட்டால் சுருக்கம் விழும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, டர்பன்டைன் 10 சதவீதம். ஓடினால் குறைத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு கணக்கு இங்கேயே உடைந்துவிட்டது, தெரிகிறதா? ஐந்து நாள் லீவு வேண்டும். போர்ச்சில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால் அன்றைக்கு அணைத்துவிடுங்கள். தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும். கார்பன் ஃபில்டர் மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் ஆவியை நிறுத்தாது.

நிறத்துக்கு வருவோம். ஆமிக்காரர் சட்டையைப் பார்த்து நிறம் வாங்காதீர்கள், உங்கள் தோட்டத்தைப் பாருங்கள். செம்பனை நிழலில் பச்சை மங்கிப்போய், சாம்பல் கலந்திருக்கும். அதனால் அடி நிறம் மங்கல் ஆலிவ். அடுத்தது மரத்தண்டின் பழுப்பு. மூன்றாவது காய்ந்த மட்டையின் வைக்கோல் நிறம், கொஞ்சமாக. கறுப்பு வேண்டாம், நிழல் உண்மையில் கறுப்பில்லை, கரும்பழுப்பு போதும். பங்கு ஏறத்தாழ 45, 30, 15, 10. டயர் மட்டத்திலிருந்து கதவின் கீழ்விளிம்பு வரை செம்மண் பழுப்பு அடித்துவிட்டால் அழுக்கே வடிவத்தில் சேர்ந்துகொள்ளும். எல்லாமே ‘மேட்’ என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பளபளப்பைக் காட்டி ‘இதுதான் நல்லாப் போகுது’ என்பார்.

எல்லோரும் செய்கிற பெரிய தப்பு, புள்ளி சின்னதாக இருப்பது. உள்ளங்கை அளவுத் திட்டுகள் இருபது மீட்டர் தள்ளிப் பார்த்தால் ஒன்றாய்க் கலந்து ஒரே அழுக்குப் பச்சையாகத் தெரியும். திட்டு ஒவ்வொன்றும் ஒன்றரை அடி முதல் மூன்று அடி வரை நீளம், சாய்வாகப் போகணும். கதவு இடுக்கில் நிற்கக்கூடாது. கதவைத் தாண்டி, பானெட் விளிம்பைச் சுற்றி மறுபக்கம் இறங்கணும், ஏனென்றால் கண் முதலில் பிடிப்பது வண்டியின் கோடுகளைத்தான். இடதும் வலதும் ஒரே மாதிரி வேண்டாம். சாக்பீஸால் வரைந்து, கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். அடித்த பிறகும் அதே சோதனை: இரண்டு நிறம் ஒன்றாய்த் தெரிந்தால் ஒன்றைக் கருக்க வேண்டும். சாக்பீஸ் தூளைத் துடைக்காமல் சாயம் போடாதீர்கள்.

ஸ்ப்ரேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், இலை அச்சு வைக்கலாம். லாலாங் புல்லைவிடக் காட்டுப் பெரணி இலை நன்றாக வரும். பனியைத் துடைத்து, தகரத்தோடு ஒட்டி அமுக்கி, 25 சென்டிமீட்டர் தள்ளி லேசாக அடியுங்கள். நாலைந்து முறைக்குப் பிறகு இலையில் சாயம் சேர்ந்து சொட்டும். எறிந்துவிட்டு வேறு பறியுங்கள்.

விளக்கு, நம்பர் பிளேட், ரிஃப்ளெக்டர், ரிவர்ஸ் சென்சார், ரப்பர் பீடிங் எல்லாம் டேப்பால் மூடுங்கள்; சாயம் இளகலாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள்.

டப்பா வாங்குவதற்கு முன்னாலேயே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கௌண்டரில் போய்க் கேளுங்கள். பதிவில் இருக்கும் நிறம் மாறினால் அதைப் பதிய வேண்டும், பல நிறத்தை எப்படி எழுதுவது என்று அவர்கள்தான் சொல்லணும். வண்டி லோனில் இருந்தால் பேங்க்கிடமும், பிறகு இன்சூரன்ஸிலும் சொல்லுங்கள். நம் மலேசிய ராணுவத்தின் ஹரிமாவ் பெலாங் (புலிவரி) கோடுகளை அப்படியே காப்பியடிக்காதீர்கள். அவர்கள் வண்டிக்கு இஸட் எழுத்து நம்பர் இருக்கிறது. உங்களுடையதற்கு இல்லை, ரோட் பிளாக்கில் நிற்கப்போவது நீங்கள்.

முடித்த பிறகு இரண்டு வாரம் பிரஷர் ஜெட் வேண்டாம். வேக்ஸ், பாலிஷ் எப்போதுமே வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் மினுங்கும், திரும்ப மங்க வைக்க அந்த இடத்துக்கே மறுபடி சாயம் போடணும். நாலு நிறத்திலும் மிச்சத்தைச் சின்ன போத்தலில் விளிம்புவரை ஊற்றி, மூடித் தலைகீழாக வையுங்கள், ஆடை கட்டாது.